பட்டாபிஷேகம் இல்லாத ராமாயணம்: நூல் தேர்வுக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மாவட்ட நூல் தேர்வுக் குழுவின் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தின் வாசகர் வட்டம் அனுப்பிய விண்ணப்பத்துக்கு உங்கள் பதில் சென்ற வாரம் வந்து சேர்ந்தது. அமெரிக்க எழுத்தாளர் மரிசா மேயரின் 'லூனார் கிரானிக்கிள்ஸ்' தொடரில் நான்காவதும் கடைசியுமான 'வின்டர்' என்ற நாவலை வாங்க இயலாது என்று அதில் ஒரு வரி இருந்தது. முதல் மூன்று நாவல்களும் முழுமையற்ற தொகுப்பாக இருப்பதால், அடுத்த இருப்புச் சரிபார்ப்பின்போது அவற்றை நீக்கல் பட்டியலில் சேர்க்குமாறு நூலகருக்கு அறிவுறுத்தப்பட்டுள்ளது என்று அதன் கீழே இன்னொரு வரி இருந்தது. முதல் வரியோடு நிறுத்தியிருந்தால் நான் இன்னொரு விண்ணப்பம் எழுதிவிட்டுக் காத்திருந்திருப்பேன். இரண்டாவது வரியைப் படித்த பிறகுதான் இதை ஊரறிய எழுதுவது என்று முடிவு செய்தேன். கடைசிப் புத்தகத்தை வாங்க மறுத்தவர்கள் நீங்கள். கடைசிப் புத்தகம் இல்லை என்று காரணம் காட்டி மற்ற மூன்றையும் எடுத்துவிடச் சொல்பவர்களும் நீங்களே.

நான் அரசு உதவி பெறும் உயர்நிலைப் பள்ளி ஒன்றில் 31 ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவள். ஞாயிற்றுக்கிழமைகளில் காலை 10 மணியிலிருந்து 12 மணி வரை நூலகத்தின் பின்தாழ்வாரத்தில் பிள்ளைகளுக்குக் கதை சொல்கிறேன். ஆறாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை படிக்கும் 23 பேர் வருகிறார்கள். நடவு நாட்களிலும் அறுப்பு நாட்களிலும் அம்மாக்கள் வயலுக்குப் போய்விடுவதால், வீட்டில் சின்னதுகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று இந்த எண்ணிக்கை குறையும். சிலர் தம்பி தங்கையை இடுப்பில் தூக்கிக்கொண்டே வந்துவிடுவார்கள். நான் சொல்லும் முறை எளியது. ஆங்கிலப் புத்தகத்தை மடியில் விரித்து வைத்துக்கொண்டு ஒரு வாக்கியத்தை உள்ளபடி படிப்பேன். அந்தப் பக்கத்தில் நடப்பதைத் தமிழில் சொல்வேன். பிறகு ஒரு பிள்ளை எழுந்துவந்து அந்த வாக்கியத்தை விரல் வைத்துத் தானே படிக்கும். இப்படி ஒரு காலைப் பொழுதில் ஏழெட்டுப் பக்கம் நகர்ந்தால் அதிகம்.

இந்தத் தொடரை நாங்கள் கேட்டு வாங்கவில்லை என்பதை முதலில் நினைவூட்டுகிறேன். உங்கள் குழு தேர்ந்தெடுத்து அனுப்பிய ஆங்கிலச் சிறுவர் நூல்களின் கட்டு ஒன்றில் 'சின்டர்', 'ஸ்கார்லெட்', 'கிரஸ்' என்ற மூன்றும் இருந்தன. அடுக்கில் ஒரு வருடத்துக்கு மேல் யாரும் தொடாமல் கிடந்தவற்றை ஒருநாள் நான் எடுத்துப் பார்த்தேன். ஆகவே, அந்த வாசலைத் திறந்துவிட்டது நீங்கள்தான். அதற்காக உங்களைப் பாராட்டத்தான் வேண்டும். ஏனென்றால் தேர்வு நல்ல தேர்வு.

அந்தத் தொடர் எத்தகையது என்பதை உறுப்பினர்களில் படிக்காதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒவ்வொரு நாவலும் ஒரு பழைய தேவதைக் கதையை எடுத்துக்கொள்கிறது. முதலாவதில் சின்ட்ரெல்லா, ஆனால் இவள் வருங்காலத்துப் பெய்ஜிங் நகரின் சந்தையில் கடை போட்டு எந்திரங்களைப் பழுதுபார்க்கும் பெண், உடம்பில் ஒரு பகுதி உலோகம். இரண்டாவதில் சிவப்புத் தொப்பிச் சிறுமி, காணாமல் போன பாட்டியைத் தேடிப் பிரான்ஸ் நாட்டுப் பண்ணை ஒன்றிலிருந்து புறப்படுகிறாள். மூன்றாவதில் கோபுரத்தில் அடைபட்ட நீள்கூந்தல் ராபன்ஸல், கோபுரத்துக்குப் பதிலாக ஒரு செயற்கைக்கோளில் சிறைவைக்கப்பட்டிருக்கிறாள். நான்காவது, ஸ்னோ ஒயிட். இவை தனித்தனிக் கதைகள் என்று எண்ணித்தான் மூன்றோடு நிறுத்தலாம் என்று தீர்மானித்தீர்களோ என்னவோ. அப்படி அல்ல. முதல் நாவலிலேயே நிலவை ஆளும் லெவானா என்ற அரசி வந்துவிடுகிறாள். மற்றவர் மனத்தை ஆட்டிவைக்கும் சக்தி அவளுக்கு உண்டு. ஒவ்வொரு நாவலிலும் வந்து சேரும் பெண்கள் எல்லோரும் அவளை எதிர்த்துத் திரள்வதுதான் கதை. அவள் கணக்குத் தீர்வது நான்காவது நாவலில். அது 2015 நவம்பரில் வெளிவந்தது, 800 பக்கங்களுக்கு மேல். தொடரிலேயே பெரிய புத்தகம் அதுதான்.

முதல் ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்ல வேண்டும். நாவல் தொடங்கும்போதே சின்டர் தன் பாதத்தைக் கழற்றிக்கொண்டிருக்கிறாள். சிறுமியாக இருந்தபோது பொருத்திய உலோகப் பாதம் அவள் வளர்ந்த பிறகு சின்னதாகிவிட்டது. கணுக்காலில் திருகாணி துருப்பிடித்து நகர மறுக்கிறது. பிள்ளைகள் சிரித்தார்கள். ஒரு பையன் மட்டும் சிரிக்கவில்லை. அவன் தாத்தாவுக்குச் சர்க்கரை நோயால் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டு, செயற்கைக் கால் பொருத்தியிருக்கிறார்கள். "டீச்சர், அவளுக்கு ராத்திரி கழட்டி வச்சா அரிக்குமா?" என்று கேட்டான். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. அரண்மனைப் படிக்கட்டில் சின்ட்ரெல்லாவின் கண்ணாடிச் செருப்பு கழன்று விழும் என்று எல்லாப் பிள்ளைக்கும் தெரியும். இங்கே செருப்பு விழவில்லை, பாதமே கழன்று விழுகிறது. அந்தப் பக்கத்தைப் படித்த ஞாயிற்றுக்கிழமை, அந்தப் பையனின் தாத்தா வந்து தாழ்வாரத்துத் தூணில் சாய்ந்து உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போனார். 31 ஆண்டுகள் வகுப்பறையில் நின்றவள் நான். ஒரு பாட்டனையும் பேரனையும் ஒரே பக்கத்தில் கட்டிப்போட்ட பாடம் என் பாடப் புத்தகங்களில் ஒன்றுகூட இருந்ததில்லை.

மூன்றாவது நாவலைச் சென்ற தை மாதத்தில் முடித்தோம். அதன் முடிவில் ஸ்கார்லெட் நிலவில் சிறைப்பட்டுக் கூண்டில் கிடக்கிறாள். முகத்தில் தழும்புகளோடு ஒரு இளவரசி கூண்டருகே வருகிறாள். அவள்தான் வின்டர், அரசியின் மாற்றாள் மகள். அவ்வளவுதான். புத்தகத்தை மூடினேன். "அடுத்த வாரம் டீச்சர்?" என்றார்கள். "புத்தகம் வரட்டும்" என்றேன். தை போய் ஆடியும் வந்துவிட்டது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் யாராவது ஒருவர் அதே கேள்வியைக் கேட்கிறார்கள். நான் வேறு கதை சொல்லிச் சமாளிக்கிறேன்.

இனி உங்கள் காரணங்களுக்கு வருகிறேன். வழங்கல் எண்ணிக்கை மிகக் குறைவு என்று எழுதியிருக்கிறீர்கள். உண்மை. நானே போய்ப் பார்த்தேன். பின்னட்டையின் உள்பக்கத்தில் ஒட்டிய தேதிச் சீட்டில் 'சின்டர்' நாவலுக்கு 9 முத்திரைகள், 'ஸ்கார்லெட்'டுக்கு 6, 'கிரஸ்' நாவலுக்கு 2. அந்த இரண்டில் ஒன்று நான் வீட்டுக்கு எடுத்துப்போனது. ஆனால் அதே 'கிரஸ்' நாவலை மூடி வைத்து, பக்கங்களின் விளிம்பைப் பாருங்கள். நடுப்பகுதி வரை விரல் பட்டுப் பட்டுச் சாம்பல் நிறமாகியிருக்கிறது. ஓரிடத்தில் தேன்மிட்டாய்ப் பாகு ஒட்டி இரண்டு தாள்கள் பிரிய மறுக்கின்றன. முதுகு விட்டுப்போய், நூலகர் இரண்டு முறை துணிப்பட்டை வைத்து ஒட்டியிருக்கிறார். இரண்டே பேர் எடுத்துப்போன புத்தகத்துக்கு முதுகு எப்படி விடும்? இதை உங்களில் ஒருவர் வந்து கையில் எடுத்துப் பார்த்திருந்தால் போதும், இந்தக் கடிதத்துக்கே வேலை இருந்திருக்காது.

பிள்ளைகள் ஏன் வீட்டுக்கு எடுத்துப்போவதில்லை என்று கேட்பீர்கள். 23 பேரில் உறுப்பினர் அட்டை இருப்பது 9 பேரிடம். காப்புத் தொகை சிறிதுதான்; ஆனால் பெற்றோர் கையெழுத்துப் போட அஞ்சுகிறார்கள். தடித்த ஆங்கிலப் புத்தகம் தொலைந்தால், ஐப்பசி மழையில் ஒழுகும் கூரைக்குக் கீழே நனைந்தால், யார் கட்டுவது என்ற பயம். ஆகவே அவர்கள் நூலகத்திலேயே உட்கார்ந்து படிக்கிறார்கள், நான்கு பேர் ஒரு புத்தகத்தைச் சுற்றி. வருகைப் பதிவேட்டில் அவர்கள் கையெழுத்து இருக்கிறது. எந்தப் புத்தகத்தைப் படித்தார்கள் என்று எழுத அதில் கட்டம் இல்லை. எண்ணத் தெரியாததை நடக்கவே இல்லை என்று கொள்வது கணக்கு ஆகாது.

இரண்டாவது காரணம், போட்டித் தேர்வு நூல்களுக்கு முன்னுரிமை. இதில் நான் உங்களோடு சண்டைக்கு வரவில்லை. என்னிடம் படித்த பெண் ஒருத்தி எங்கள் நூலகத்தின் மின்விசிறிக்குக் கீழே இரண்டு வருடம் உட்கார்ந்து படித்துத்தான் குரூப் 4 தேர்வில் வென்று வேலைக்குப் போனாள். ஆனால் பாடத்திட்டம் மாறிய பிறகும் பழைய பதிப்பு வழிகாட்டிகள் ஆறு பிரதிகள் அதே அடுக்கில் தூசி படிந்து நிற்கின்றன. அவற்றை நீக்கல் பட்டியலில் சேர்க்குமாறு யாருக்கும் அறிவுறுத்தப்படவில்லை என்பதைக் குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை.

மூன்றாவதை நீங்கள் எழுத்தில் தரவில்லை. நான் தொலைபேசியில் விசாரித்தபோது உங்கள் உறுப்பினர் ஒருவர் சொன்னார்: "எதுக்கு டீச்சர் இவ்வளவு சிரமம்? கதைச் சுருக்கம் நெட்ல இருக்கு. படிச்சிட்டு முடிவைச் சொல்லிடுங்க, பிள்ளைங்க சந்தோஷப்பட்டுடும்." அவர் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார், குரலில் தெரிந்தது. ஆனால் என்னை இந்த மடலை எழுத வைத்ததில் அந்த வாக்கியத்துக்குப் பாதிப் பங்கு உண்டு. ஏனென்றால் கதையின் முடிவு என்ன என்பது எங்கள் கேள்வியே இல்லை. ஸ்னோ ஒயிட்டின் முடிவு எல்லோருக்கும் தெரியும். நச்சு ஆப்பிள், கண்ணாடிப் பேழை, எழுந்திருத்தல், கல்யாணம். ஜெர்மானியரான கிரிம் சகோதரர்கள் அதை 1812இலேயே அச்சிட்டுவிட்டார்கள். தெரிந்த கதையை ஒருவர் ஏன் மறுபடி சொல்கிறார், சொல்லும்போது எந்த இடத்தில் வழி மாறுகிறார் என்பதுதான் கேள்வி. அது பத்து வரிச் சுருக்கத்தில் கிடைக்காது.

இந்தக் கதைகளின் வரலாறே அதற்குச் சாட்சி. சிவப்புத் தொப்பிச் சிறுமியின் கதையைப் பிரெஞ்சுக்காரர் பெரோ 1697இல் அச்சிட்டபோது ஓநாய் சிறுமியைத் தின்றுவிடுகிறது. கதை அங்கேயே முடிந்துவிடுகிறது. கிரிம் சகோதரர்கள் சொன்னபோது வேட்டைக்காரன் வந்து ஓநாயின் வயிற்றைக் கிழித்துப் பாட்டியையும் பேத்தியையும் உயிரோடு வெளியே எடுக்கிறான். அதே தொப்பி, அதே ஓநாய், அதே பாட்டி. முடிவு மாறியதால் கதையே வேறாகிவிட்டது. ஸ்னோ ஒயிட்டைக் கொல்லச் சொன்னவள் 1812 பதிப்பில் அவளைப் பெற்ற தாய். 1819 பதிப்பில்தான் அவள் மாற்றாந்தாய் ஆனாள். பெற்றவள் அப்படிச் செய்வாள் என்று அச்சிட அவர்களுக்கே மனம் வரவில்லை போலும்.

இதை விளங்கிக்கொள்ள ஜெர்மனி வரை போகவும் தேவையில்லை. கம்பரின் ஊரான தேரழுந்தூர் நம் டெல்டாவில்தான் இருக்கிறது. வால்மீகி சொல்லி முடித்த கதையைத்தான் கம்பர் எடுத்துக்கொண்டார். வால்மீகியில் இராவணன் சீதையைக் கையால் பற்றித் தூக்கிப் போகிறான். கம்பரில் அவன் அவளைத் தொடுவதில்லை. பர்ணசாலையை மண்ணோடு பெயர்த்து எடுத்துப் போகிறான். "இராவணன் சீதையைக் கவர்ந்தான்" என்று சுருக்கம் எழுதினால் இருவரும் ஒன்றுதான். கம்பர் எங்கே கம்பராக இருக்கிறாரோ அந்த இடம் சுருக்கத்தில் உதிர்ந்துபோகும். என் பாட்டி வீட்டில் ராமாயணம் படித்தால், பட்டாபிஷேகம் படிக்காமல் புத்தகத்தை மூட விடமாட்டாள். நாலு நாள் தள்ளிப்போனாலும் சரி, காய்ச்சலில் கிடந்தாலும் சரி, அந்தப் படலத்தைப் படித்து, பாயசம் வைத்து, பிறகுதான் புத்தகம் பட்டுத் துணிக்குள் போகும். ராமன் முடிசூடுவான் என்று தெரியாமலா அவள் காத்திருந்தாள்?

மெலட்டூரில் நரசிம்ம ஜயந்தியை ஒட்டி நடக்கும் பாகவத மேளாவையும் சொல்லலாம். பிரகலாத சரித்திர நாடகம் தெலுங்கில் நடக்கிறது. பார்ப்பவர்களில் பலருக்குத் தெலுங்கு தெரியாது. கதையோ எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் இரவு முழுதும் கொட்டாவியை அடக்கிக்கொண்டு, தூணிலிருந்து நரசிம்மம் வெளிப்படும் வரை உட்கார்ந்திருக்கிறார்கள். விடியற்காலை மூன்று மணிக்கு ஒருவர் மேடையேறி, "மிச்சம் உங்களுக்குத் தெரிந்ததுதானே, போய்ப் படுங்கள்" என்று சொன்னால் என்ன நடக்கும் என்று எண்ணிப் பாருங்கள். எங்கள் பிள்ளைகளிடம் நீங்கள் சொல்வது அதுதான்.

இந்தக் கதைகள் நம் மண்ணுக்கு அந்நியமானவை என்ற ஒரு கருத்தும் குழுவில் எழுந்ததாகக் காதில் விழுந்தது. உறுதி தெரியாததால் நீட்டவில்லை. ஆனால் சின்ட்ரெல்லாவைப் போன்றே செருப்பை இழந்து அரசனை மணக்கும் யெஷியன் என்ற பெண்ணின் கதை சீனத்தில் 9ஆம் நூற்றாண்டிலேயே எழுத்தில் பதிவாகிவிட்டது. பெரோவுக்கு 800 ஆண்டுகள் முந்தியது. நாவலாசிரியர் தன் சின்டரைப் பெய்ஜிங்கில் கொண்டுபோய் வைத்ததைப் படித்தபோது எனக்கு அந்த யெஷியன்தான் நினைவுக்கு வந்தாள். தஞ்சையில் இரண்டாம் சரபோஜி காலத்தில் ஈசாப்பின் கதைகள் மராத்தியில் பெயர்க்கப்பட்டு அச்சேறின. கதைகளுக்கு இந்த மண் என்றைக்குச் சுங்கம் வாங்கியது?

பிள்ளைகள் சும்மா இருக்கவில்லை. 11 பேர் ஆளுக்கொரு 80 பக்க நோட்டில் நான்காம் பாகத்தைத் தாங்களே எழுதியிருக்கிறார்கள். ஒரு பையனின் கதையில் நிலவுக்குத் தண்ணீர் ஒரே ஒரு வாய்க்காலில் வருகிறது. அரசி ஷட்டரை இறக்கிவிட்டதால் கடைமடைக்குச் சொட்டுகூடப் போவதில்லை. காவலுக்கு அவள் ஆறு லஸ்கர்களை, அதாவது மதகு பார்க்கும் ஊழியர்களை, வைத்திருக்கிறாள். வின்டர் நள்ளிரவில் சைக்கிளில் போய், தூங்கும் லஸ்கரின் இடுப்பிலிருந்து சாவியை உருவி ஷட்டரைத் தூக்கிவிடுகிறாள். அவன் அப்பா வெண்ணாற்றுப் பாசனத்தின் கடைசி வயல்காரர். இன்னொரு பெண், எட்டாம் வகுப்பு, எழுதியதைப் படித்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கிரிம் கதையின் முடிவில் அந்த அரசியைப் பழுக்கக் காய்ச்சிய இரும்புச் செருப்புகளை மாட்டிச் சாகும்வரை ஆட வைக்கிறார்கள் என்று நான் ஒருமுறை சொல்லியிருந்தேன். இவள் அதை மறக்கவில்லை. இவளுடைய கதையில் சின்டர், தொடக்கத்தில் தான் கழற்றிப் போட்ட அந்தச் சின்ன உலோகப் பாதத்தை அரசியின் முன்னே வைக்கிறாள். "இதைப் போட்டுக்கொண்டு ஒரு நாள் நட. பிறகு உன்னை விட்டுவிடுகிறேன்" என்கிறாள். முதல் நாவலின் முதல் பக்கத்தையும், 200 ஆண்டுகளுக்கு முந்திய ஒரு கதையின் கடைசி வரியையும் முடிச்சுப் போட்டிருக்கிறாள், பதின்மூன்று வயதுப் பெண்.

அவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அந்தம்மா எப்படி முடிச்சிருக்காங்க டீச்சர்? என்னைவிட நல்லாவா?" இதற்குப் பதில் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. நானும் அந்த நாவலை இன்னும் படிக்கவில்லை. முன்னதாகப் படித்துவிட்டால் கதை சொல்லும்போது என் முகம் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால், இணையத்தில் எட்டிக்கூடப் பார்க்காமல் இருக்கிறேன். அவள் தன் முடிவையும் ஆசிரியரின் முடிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அந்த ஒப்பீட்டைத்தான் இலக்கியக் கல்வி என்று நாங்கள் ஆசிரியர் பயிற்சியில் படித்தோம்.

நானே வாங்கித் தரலாமே என்று சிலர் கேட்டார்கள். ஓய்வூதியத்தில் முடியாத காரியம் இல்லை. ஆனால் அப்போது அது என் புத்தகம். என் வீட்டு அலமாரியில் இருக்கும். யாருக்குக் கொடுப்பது என்று நான் முடிவு செய்வேன். நான் போன பிறகு பழைய பேப்பர்க்காரரிடம் போகும். நூலகத்துப் புத்தகத்துக்குச் சேர்க்கை எண் உண்டு. அது அந்தக் கூண்டு போட்ட சைக்கிளில் மீன் விற்பவரின் மகளுக்கும் என் பேரனுக்கும் ஒரே அளவு சொந்தம். 1948ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டத்தின்படி சொத்து வரியோடு ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரி வாங்குகிறீர்கள், நாங்கள் தருகிறோம். ஆகவே நான் யாசகம் கேட்டு எழுதவில்லை.

நூலகவியலின் ஐந்து விதிகளை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. அவற்றை 1931இல் நூலாக வெளியிட்ட எஸ்.ஆர். ரங்கநாதன் சீர்காழிக்காரர். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் என்பது இரண்டாவது விதி. ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் என்பது மூன்றாவது. எங்கள் தாழ்வாரத்தில் வாசகர்கள் தயாராக உட்கார்ந்திருக்கிறார்கள், நூல்தான் இல்லை. அதே 1931 அக்டோபரில் மன்னார்குடியை அடுத்த மேலவாசலில், கிராமம் கிராமமாகப் புத்தகம் கொண்டுபோக மாட்டுவண்டி நூலகம் ஒன்று புறப்பட்டது. வண்டி போக மண்பாதைகூடச் சரியாக இல்லாத காலம். அந்த வண்டியை ஓட்டி வந்தவர், பாதி தூரத்தில் மாட்டை அவிழ்த்துவிட்டு, "இதுவரை கொடுத்ததையும் திருப்பித் தாருங்கள்" என்று கேட்டிருப்பாரா?

ஆகவே நான் கேட்பவை இவை. மூன்று நாவல்களையும் நீக்கல் பட்டியலில் சேர்க்கும்படி நூலகருக்கு அனுப்பிய அறிவுறுத்தலை உடனே எழுத்து மூலமாகத் திரும்பப் பெறுங்கள். இது மற்ற எல்லாவற்றுக்கும் முந்தியது. இருப்புச் சரிபார்ப்பு புரட்டாசியில் தொடங்கும் என்று அறிகிறேன். 'வின்டர்' நாவலின் இரண்டு பிரதிகளை, ஒன்று வழங்கலுக்கும் ஒன்று நூலகத்திலேயே படிப்பதற்குமாக, இந்த ஆண்டுக் கொள்முதலிலேயே சேருங்கள். காலாண்டுத் தேர்வு விடுமுறை தொடங்குமுன் அவை வந்து சேர்ந்தால், விடுமுறை நாட்களில் தினமும் காலையில் கதை சொல்ல நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இனிமேல் தொடர் நூல்களைத் தேர்ந்தெடுக்கும்போது, அவை எத்தனை தொகுதிகள், முடிந்துவிட்டனவா என்று பார்த்து, முழுமையாக வாங்க முடிந்தால் மட்டும் வாங்குங்கள். அல்லது மீதியை எப்போது வாங்குவீர்கள் என்று முதல் தொகுதியின் பதிவிலேயே குறித்துவையுங்கள். எங்கள் நூலகத்திலேயே இன்னும் இரண்டு தொடர்கள் நடுவில் நிற்கின்றன. அவற்றின் பட்டியலை நூலகரிடம் கொடுத்திருக்கிறேன். வழங்கல் முத்திரையோடு, நூலகத்தில் அமர்ந்து படிப்பவற்றையும் கணக்கில் எடுக்க வருகைப் பதிவேட்டில் ஒரு கட்டம் சேருங்கள். கோடு போட்டுத் தர எங்கள் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

உங்கள் குழுவில் ஒருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணிக்கு எங்கள் தாழ்வாரத்துக்கு வந்து, அந்த 11 நோட்டுகளில் ஏதேனும் ஒன்றைப் படித்துப் பார்க்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் பதிலை எனக்குத் தனியே அனுப்ப வேண்டாம். வாசகர் வட்டத்தின் பெயருக்கு அனுப்புங்கள். நூலகத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டுவோம்.

இப்படிக்கு,
வாசகர் வட்டத்தின் சார்பில்,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை ஒருத்தி